ஞாயிற்றுக்கிழமை மழை

முதலில் மூக்கு, பிறகுதான் கண். பவளம் டீச்சர் ஒரு மாணவரின் தாளைக் கையில் எடுத்தால் அந்த வரிசை மாறுவதில்லை. ஆசிரியர் அறை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தாளை முகத்தருகே கொண்டுபோய் மெல்ல ஓர் இழுப்பு இழுப்பார். உர வாடை வந்தால் திரிங்காப் காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதியது. வெங்காயம் பொரித்த வாடை வந்தால் அம்மா சமைக்கும்போது அடுப்படியில் வைத்து எழுதியது. எந்த வாடையும் இல்லாமல் லேசான வெதுவெதுப்பு மட்டும் இருந்தால் புருவம் ஏறிவிடும். அது டவுனில் உள்ள போட்டோஸ்டேட் கடையிலிருந்து நேராக வந்தது. "வீட்டுல எழுதுனா வீடு ஒட்டியிருக்கும்லா. ஒன்னுமே ஒட்டாம வர்ற தாள நம்பாதீங்க," என்று புதிதாக வரும் ஆசிரியர்களிடம் சொல்லிவைப்பார்.

வயது ஐம்பத்திரண்டு. ரிங்லெட் என்கிற மலை ஊருக்குப் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில், பதின்மூன்றிலிருந்து பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறார். போலீஸ்காரரை இங்கே மலாய் வழக்கில் மாத்தா என்பார்கள். பள்ளி முழுக்க அவருக்கு மாத்தா டீச்சர் என்றுதான் பெயர். அவருக்கும் அது தெரியும். மறுக்கவில்லை.

சந்தேகத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வருகிற ஆளும் இல்லை. சந்தையில் கேரட்டைக் கையில் எடுத்து, "இது நம்ம மலையில வெளஞ்சதா, கப்பல்ல வந்ததா?" என்று கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல் காம்பைக் கிள்ளிப் பார்ப்பார். சமையல் கேஸ் தோம்பு வந்தால் கொண்டுவந்தவன் எதிரிலேயே தூக்கி ஆட்டிப் பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு கார் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். கணவர் ராஜு காய்கறி லோரி ஓட்டுகிறவர். முப்பது வருஷமாக இதையெல்லாம் பார்த்துப் பழகியவர். "என்னையக் கட்டிக்கும்போதே இப்படித்தான். என் பொறப்புப் பத்திரத்த வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. நான் பொறந்ததே டூப்ளிகேட்டோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு," என்பார். டீச்சர் சிரிக்க மாட்டார். "தேதியில திருத்தம் இருந்துச்சு," என்பார்.

இந்தச் சந்தேகம் ஒரு தொழிலாக மாறியது பதினொரு வருஷத்துக்கு முன்னால். 'தேயிலை' என்று ஒரு தலைப்புக் கொடுத்து, படமும் குறிப்பும் ஒட்டித் திரட்டேடு செய்யச் சொன்னார். முப்பத்தொரு திரட்டேடு வந்து சேர்ந்தது. முப்பத்தொன்றிலும் ஒரே பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் பெரிய வளையம், பின்னால் இந்த மலையே இல்லாத வேறு ஒரு மலை. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாக்கள் அன்றைக்குக் காலையிலும் கொழுந்து வெட்டப் போயிருந்தார்கள். ஒரு திரட்டேட்டில் மகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பழக்கதோஷத்தில் தன் கையெழுத்தையே போட்டுவைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட வேண்டியிருந்தது. போட்டார். அடுத்த வருஷத்திலிருந்து புத்தகத்தில் பதில் உள்ள எதையும் அவர் கேட்பதில்லை.

ஊரில் பதில் உள்ளதைக் கேட்பார். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பள்ளிப் பேருந்து நிற்கிற இடம் வரைக்கும் எத்தனை படி, ஒரு படியின் சராசரி உயரம் என்ன, முட்டிவலிக்காரர் ஒருவருக்கு அதைத் திருத்திக் கட்டுவதாக இருந்தால் எங்கே தொடங்குவாய்? ஒரு கிலோ பச்சைக் கொழுந்து வாடிய பிறகு எவ்வளவு நிற்கும்? ஸ்ட்ராபெரிப் பெட்டியில் மேல்வரிசைக்கும் அடிவரிசைக்கும் பழத்தின் அளவில் எவ்வளவு வித்தியாசம்? கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் அளவுகோலோடு கடைத்தெருவில் இறங்கியபோது, பழக்கடைக்காரர் ஒருவர் பள்ளிக்கே வந்துவிட்டார். "டீச்சர், டூரிஸ்ட்டு முன்னாடி பெட்டியக் கவுத்து அளக்குதுங்க. எங்க பொழப்பக் கெடுக்காதீங்க லா." டீச்சர் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி: "அடியில சின்னப் பழம் இருக்கா, இல்லையா?"

இப்படிப்பட்ட மதிப்பீடுகளை அவர் செய்கிற முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் தானே போய்ச் செய்து பார்ப்பார். படியை அவரே எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று. கொழுந்தை அவரே வாட்டினார். விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மைலோ டின்னில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவார். தாள்கள் வந்ததும் அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கி ஒப்பிடுவார். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தினால் பார்த்து எழுதியது. அடியோடு பொருந்தாவிட்டால் இட்டுக்கட்டியது. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் உண்மை. "மனுசன் அளந்தா ஒன்னு ரெண்டு தப்பும். தப்பாம இருந்தா அது மனுசன் அளக்கல." இந்த விதியை அவர் ரகசியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் இரண்டாம் படிவத்துக்கு வானிலைப் பாடம். வகுப்பில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். அவர்களுக்கு மழையைக் கொடுத்தார். ஒன்றரை லிட்டர் போத்தலின் கழுத்தை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடியில் மெழுகு உருக்கி ஊற்றி மட்டமாக்கி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, வாசலில் வைக்க வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்து, எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இருபத்தொரு நாள். பிறகு, மருந்தடிக்க எந்த நாள் ஏற்றது, வழுக்குப் பாதையில் கொழுந்து வெட்ட எந்த நாள் ஆபத்து என்று தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து வந்து இதை மாதிரி மதிப்பீடாகப் பார்வையிடப்போவதாகவும் தகவல் வந்திருந்தது.

பொறி ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது. முதல் நாளே ஞாயிற்றுக்கிழமை என்று டீச்சர் வேண்டுமென்றே வைத்தார். விடுமுறையில் எவன் ஏழு மணிக்கு எழுந்து போத்தலைக் குனிந்து பார்க்கிறான், எவன் தூங்கிவிட்டு மதியம் ஓர் எண்ணைப் போடுகிறான் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல். டீச்சர் இருப்பது டவுனில். தோட்டம் மேலே, வேறு பள்ளத்தாக்கு. இங்கே கொட்டுகிற மழை அங்கே தூறாது. தினமும் ஏழு மணிக்கு மேலே போய் அளந்துவிட்டுப் பள்ளிக்கு வர முடியாது. ஆகவே முதல் தடவையாக, தான் அளக்காத ஒன்றை விடைத் திறவுகோலாக வைத்துக்கொண்டார். தோட்டத்து ஆபீஸில் செம்பு மழைமானி ஒன்று உண்டு. அதன் கணக்கை ஆபீஸ் எழுத்தரான சுப்பிரமணியம் கிராணி தடித்த புத்தகத்தில் எழுதிவைக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, மேலே ஊதா முத்திரை. கடைசி நாளான சனிக்கிழமை டீச்சர் அதன் நகலை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஒரு தாளை மட்டும் அவர் முகர்ந்து பார்க்கவில்லை.

பிள்ளைகள் போத்தல் வைத்ததும் லயத்தில் வேறு விதமான சந்தேகம் கிளம்பியது. தண்ணீருக்கு மீட்டர் வைக்கப்போகிறார்கள், அதற்கு முன்னோட்டம் இது என்று ஒரு பேச்சு. ஆபீஸில் ஆள் குறைக்கப்போகிறார்கள், மழை நாளை எண்ணுகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. கொழுந்து வெட்டும் மணியம்மா தன் பேரனின் போத்தலைத் தூக்கிச் சாக்கடைக் கானில் வீசிவிட்டு, பள்ளிப் பேருந்தில் டீச்சருக்குச் செய்தியும் சொல்லியனுப்பினார். "வாசல்ல தண்ணி தேங்குனா கொசு வரும். சுகாதார இலாகாக்காரன் வந்து சம்மன் எழுதுனா, உங்க டீச்சரா வந்து நிப்பாங்க?" ஒரே வாரத்தில் பாதிப் போத்தல்கள் காணாமல் போயின. இதையோ மணியம்மாவின் செய்தியையோ எந்தப் பிள்ளையும் டீச்சரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாக்குச் சொல்கிறாய் என்பார்.

இருபத்து மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை, தாள்கள் வந்தன. பதினைந்து பேரின் எண்கள் கிராணியின் புத்தகத்தோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்தின. ஆறாம் நிலைதான் உச்சம்; இவர்களுக்கு ஐந்தாம் நிலை. ஃபாரிஸும் இன்னும் இரண்டு பையன்களும் பாதியில் விட்டுவிட்டதாக எழுதியிருந்தார்கள். இரண்டாம் நிலை. மிச்சம் ஒருத்தி, ஆரிஃபா.

தோட்டத்து முச்சந்தியில், ஆபீஸுக்கு எதிர்ப்புறம் ரொட்டிக் கடை வைத்திருக்கும் சேக் தாவூதின் மகள். அதிகம் பேசாத பெண். அவளுடைய தாளில் மற்ற நாள்கள் எல்லாம் பொருந்தின. ஞாயிறும் திங்களும் மட்டும் மூன்று வாரமும் இடித்தன. இரண்டாவது ஞாயிறு, கிராணி புத்தகத்தில் பூஜ்யம், ஆரிஃபா நாற்பத்தொன்று. மறுநாள் கிராணி ஐம்பத்திரண்டு, ஆரிஃபா பதினொன்று.

"எழுந்திரு," என்றார் டீச்சர். "ஞாயித்துக்கெழமை எத்தன மணிக்கு எழுந்த?"

"அஞ்சு மணிக்கு டீச்சர். கட இருக்கும்."

"அஞ்சு மணிக்கு எழுந்து, பெய்யாத மழைய அளந்தியா?"

"பெய்ஞ்சுச்சு டீச்சர்."

"ஆபீஸ்ல பெய்யல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெய்யல. ஒங்க கட மேல மட்டும் தனியா வந்து பெய்ஞ்சுட்டுப் போச்சா?" வகுப்பு சிரித்தது. "மத்த நாள எல்லாம் எவனையோ பாத்து எழுதியிருக்க. ஞாயித்துக்கெழமை பாக்க ஆள் கெடைக்கல. அதான் இஷ்டத்துக்குப் போட்டுட்ட."

ஆரிஃபா நின்றுகொண்டே இருந்தாள். அழவில்லை. அழாததையும் டீச்சர் குறித்துக்கொண்டார். ஆகக் கீழான முதல் நிலையைப் போட்டு, பக்கத்தில் 'தரவு போலி' என்று எழுதினார். இடைவேளைக்குள் அவளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. பொய் மழை என்று மலாயில்: ஹூஜான் தீப்பு. பேருந்தில் அவள் ஏறியதும், ஐந்தாம் நிலை வாங்கிய அகிலன் குடையை விரித்தானாம்.

மறுநாள் சேக் தாவூத் பள்ளிக்கு வந்தார். முழங்கை வரை மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"குவாந்தான் ஆஸ்டல் ஸ்கூலுக்குப் போகணும்னு ஆச டீச்சர் அதுக்கு. அங்க இந்த நெலயெல்லாம் கேப்பாங்களாமே. போலின்னு எழுதியிருந்தா எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க பாய். அதுக்குத்தான் எழுதுறது. பொய்யா எழுதக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும்."

அவர் முழங்கையில் காய்ந்த மாவை நகத்தால் சுரண்டினார். "என் பிள்ள பொய்யே சொல்லாதுன்னு நான் எப்படி டீச்சர் சத்தியம் பண்ணுவேன்? எல்லாப் பிள்ளையும் சொல்லும். போத்தல்ல என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கல, ரொட்டி தட்டிக்கிட்டு இருப்பேன். ஆனா அந்த ஞாயித்துக்கெழம இது தலையெல்லாம் நனஞ்சு உள்ள வந்துச்சு. அத நான் பாத்தேன்."

"நனையறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு பாய்."

"இருக்கும் டீச்சர்," என்று எழுந்துகொண்டார் அவர். வாசலில் நின்று, "வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் மாத்த முடியாதாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றார் டீச்சர். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பதிவு மூடிவிடும். அதற்கப்புறம் அந்த இரண்டு சொல்லும் அந்தப் பெண்ணின் பெயரோடு போகும்.

புதன்கிழமை மதியம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இலாகாவுக்கான கோப்பைத் தயார் செய்துகொண்டிருந்தார். நிரப்பிக் கொடுக்க வேண்டிய பாரத்தில் வாரக் கூட்டுத்தொகை கேட்டிருந்தார்கள், ஞாயிறு முதல் சனி வரை. முதலில் கிராணி புத்தகத்தைக் கூட்டினார்: அறுபத்து நான்கு, நூற்றுப் பதினேழு, எழுபத்தேழு. நல்ல தாளுக்கு உதாரணமாக, ஐந்தாம் நிலை வாங்கிய நஜிஹாவுடையதைக் கூட்டினார். போலித் தாளுக்கும் ஓர் உதாரணம் வேண்டுமே என்று ஆரிஃபாவுடையதை எடுத்தார்.

அறுபத்தைந்து. நூற்றுப் பதினெட்டு. எழுபத்தேழு.

கால்குலேட்டரைத் தட்டிவிட்டு மறுபடி கூட்டினார். பிறகு கையால் கூட்டினார். அளவுகோலை எடுத்துத் தூர வைத்துவிட்டு ஞாயிறையும் திங்களையும் சேர்த்துப் பார்த்தார். நாற்பத்தொன்றும் பதினொன்றும் ஐம்பத்திரண்டு. கிராணிக்கும் ஐம்பத்திரண்டு. மூன்று வாரமும் அப்படியே. வரி வரியாக இறக்கிப் பார்த்ததில், இரண்டு வரியை ஒன்றாகப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

இஷ்டத்துக்குப் போட்ட எண்கள் இரண்டு நாளும் சேர்ந்தால் மட்டும் எப்படிச் சரியாக வரும்? புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கும் பூஜ்யம்தானே போட்டிருப்பாள்?

"ஏங்க," என்றார் டீச்சர். ராஜு மீன்குழம்பில் மும்முரமாக இருந்தார். "பதினேழு நாளைக்கு முன்னாடி, ஞாயித்துக்கெழம காலையில மழையா?"

"மழையாவா? திரிங்காப்புல சனிக்கெழம ஏத்துன முட்டைக்கோஸ் பூரா தண்ணி. விடிய விடிய கொட்டுச்சு. மொதலாளி டவ்கேகிட்ட நான் வாங்குன ஏச்சு ஒனக்கு ஞாபகம் இல்லையா?"

"அது திரிங்காப். இது வேற பள்ளத்தாக்கு."

"அப்ப என்னைய ஏன் கேட்ட?" என்று முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார் ராஜு.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் தோட்டத்துக்குக் காரை விட்டார். சுப்பிரமணியம் கிராணி அவரைப் பார்த்ததும் மழைப் புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"மேனேஜர் அனுப்புனாரா?"

"எந்த மேனேஜரும் இல்ல. நான் என் பிள்ளைங்களுக்காக வந்தேன். ஞாயித்துக்கெழம மழைமானிய யாரு பாக்குறா?"

"ஏன் கேக்குறீங்க?"

"ஞாயித்துக்கெழம எல்லாம் பூஜ்யமா இருக்கு."

கிராணி வாசலை ஒரு தடவை பார்த்தார். குரல் இறங்கியது. "ஞாயித்துக்கெழம ஆபீஸ் லீவு. எவன் டீச்சர் மழைய அளக்க வருவான்? திங்கக்கெழம வந்து சேத்து ஊத்திப் பாத்துருவோம். மழ எங்கயும் ஓடிடாதுல்ல. எனக்கு முன்னாடி இருந்த கிராணியும் அப்படித்தான். மாசக் கணக்கு சரியா வருது, அத மட்டுந்தான மேல கேக்குறாங்க?" பிறகு கொஞ்சம் தெம்பாகி, "உங்க பிள்ளைங்ககூட வந்துச்சுங்களே. மாமா, எழுதிக்கிறோம்னு. பாவம், போத்தல எல்லாம் வீசிட்டாங்களாம். நான்தான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிச்சேன்," என்றார்.

"எத்தன பேர் வந்தாங்க?"

"மூணு பேரு, கூட்டிக்கிட்டு அகிலன் வந்தான். போன்ல படம் புடிச்சுக்கிட்டான். எத்தன பேருக்கு அனுப்புனானோ எனக்குத் தெரியாது."

டீச்சருக்குத் தெரிந்தது. பதினைந்து.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் ரொட்டிக் கடை. சேக் தாவூத் கல்லில் ரொட்டியைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தார். வாசலில், மழை மறைக்காத இடமாகப் பார்த்து நட்ட ஒரு கம்பில், போத்தல் இன்னும் கட்டியிருந்தது. இருபத்தொரு நாள் முடிந்து ஐந்து நாளாகிவிட்டது. டீச்சர் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். இறங்காமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் துணை முதல்வர் நபீலாவிடம் போய், பதினைந்து ஐந்தாம் நிலையையும் ரத்து செய்ய வேண்டும் என்றார். அந்த அம்மாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பவளம், ஒரு பொண்ணுக்கு மட்டும் ஒசத்திப் போட்டு முடிச்சுருங்களேன். யாருக்கும் நஷ்டமில்ல. பதினஞ்சு பேர எறக்குனா இலாகா என்ன கேக்கும்? மாதிரி மதிப்பீடுன்னு நாமளே சொல்லிட்டு..."

"மாதிரிதான். எப்படிப் போடக் கூடாதுங்குறதுக்கு," என்று சொல்லிவிட்டு டீச்சர் கணினி முன்னால் உட்கார்ந்தார். ஆரிஃபாவின் 'தரவு போலி'யை அழித்து ஆறாம் நிலை போட்டார். பதினைந்து பேருக்கும் 'மறுபடி செய்ய வேண்டும்'. பாரத்தில் மதிப்பீட்டின் குறை என்று ஒரு கட்டம் உண்டு. பதினொரு வருஷமாக அதில் ஒரு கோடு இழுத்துவிடுவது வழக்கம். இந்தத் தடவை, 'ஆசிரியர் தானே அளக்கவில்லை' என்று எழுதினார்.

மூன்றாவது பாட வேளையில் வகுப்பில் நின்றார். எப்போதும் மேசைக்குப் பின்னால் நிற்பவர், அன்றைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆரிஃபாவோட ஞாயித்துக்கெழம மழ நெசம். ஆபீஸ் புத்தகந்தான் தப்பு. அத வச்சு நான் போட்டதும் தப்பு. எல்லாரு முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லாரு முன்னாடியும் சொல்றேன்." பிறகு, "அகிலன்," என்றார்.

அகிலன் எழுந்தான். "டீச்சர், நீங்க சரியான விட கேட்டீங்க. நாங்க சரியான விடையக் கொண்டாந்து குடுத்தோம்லா."

"ஒன்னு ரெண்டு மாத்தி."

"அது சீனியருங்க சொன்னது டீச்சர். மாத்தாவுக்கு..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்களுக்குக் குடுக்கும்போது ஒன்னு ரெண்டு தப்பாப் போடணும்னு. நாலு வருசமா எல்லாருக்கும் தெரியும்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். நாலு வருஷம். அத்தனை படிகளும் கொழுந்தும் ஸ்ட்ராபெரியும் அவர் கண் முன்னால் ஒரு தடவை வந்துபோயிருக்க வேண்டும்.

ஆரிஃபா கையைத் தூக்கியிருந்தாள்.

"சொல்லும்மா."

"கிராணி ஒத்துக்கிட்டாரா டீச்சர்?"

"ஒத்துக்கிட்டாரு."

"இல்ல, ஞாயித்துக்கெழமையும் பாத்தேன்னு அவரு சொல்லியிருந்தா?"

கேட்டதில் வம்பு இல்லை. வானிலைப் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரியே கேட்டாள். மணி அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. "உக்காரு," என்றார். பிறகு, "வர்ற ஞாயித்துக்கெழமையிலேர்ந்து எல்லாரும் முதல்லேர்ந்து செய்றீங்க. வீட்டுல போத்தல வீசுனா எங்கிட்ட சொல்லுங்க, நான் வந்து பேசுறேன். இந்தத் தடவ நானும் அளக்குறேன்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு டீச்சரின் பழைய காஞ்சில் கார் தோட்டத்து முச்சந்தியில் வந்து நின்றது. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலைச் சரிவில் பனி கீழிறங்கிக்கொண்டிருந்தது. கடையில் இரண்டு மேசை நிறைந்திருந்தது. சேக் தாவூத் ஒரு கோப்பைத் தேநீரை ஆற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கல்லுக்குத் திரும்பினார். உள்ளேயிருந்து ஆரிஃபா நோட்டும் பேனாவுமாக வந்தாள்.

"மணி ஏழு," என்றார் டீச்சர். "நான் வாசிக்கிறேன், நீ எழுது."

பஞ்சாபிச் சட்டையின் நுனியை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் ஒரு முட்டியை ஊன்றினார். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"பதினேழு."

பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். ஆரிஃபா எழுதாமல் நின்றிருந்தாள். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டீச்சருக்கு இந்தப் பக்கம் வந்து, போத்தலைக் குனிந்து பார்ப்பதற்காகக் காத்திருந்தாள்.

பவளம் டீச்சர் முட்டியைத் தரையிலிருந்து எடுக்காமலே, சேற்றில் ஒரு முழம் நகர்ந்து இடம் விட்டார்.